சிறிய வாய், பெருஞ்சூடு

1961 மார்ச் மாதம் ஜெனீவா மோட்டார் கண்காட்சியையொட்டி ஜாகுவார் ஈ-டைப் முதன்முதலாக வெளியுலகுக்குக் காட்டப்பட்டது. ஓட்டிப் பார்க்கக் கேட்டவர்களின் கூட்டம் சமாளிக்க முடியாத அளவுக்குப் பெருகியது. நிறுவனத்தின் தலைவர் வில்லியம் லயன்ஸ் இங்கிலாந்தின் கவன்ட்ரியில் இருந்த தொழிற்சாலைக்குச் சொல்லி அனுப்பி, இன்னொரு வண்டியை உடனே வரவழைத்தார். சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ் அந்த இரண்டாவது வண்டியோடு கடலைக் கடந்து, பிரான்சின் குறுக்கே இரவோடு இரவாக ஓட்டி, மறுநாள் காலை ஜெனீவாவில் நிறுத்தினார். குளிர்ந்த காற்று, காலியான சாலை, நிற்காத ஓட்டம். இந்த வண்டி எதற்காக வரையப்பட்டதோ, அதற்கு இதைவிடப் பொருத்தமான சூழல் கிடையாது.

ஆனால் தயாரான ஈ-டைப்களில் பெரும்பங்கு அமெரிக்காவுக்குப் போனது. லாஸ் ஏஞ்சலிஸின் நெரிசலில் நின்று நின்று நகர்ந்தபோதும், அரிசோனாவின் 40 டிகிரி வெயிலில் சிக்னலுக்குக் காத்திருந்தபோதும், வெப்பமானியின் முள் வலப்பக்கம் ஏறியது. அறுபது ஆண்டுகள் கழிந்தும் இந்த வண்டியை வைத்திருப்பவர்களின் முதல் கவலை அதுதான். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1996இல் ஒரு ஈ-டைப்பைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. அந்த அழகுக்கு அது தகுந்த மரியாதை. இருந்தாலும் சாலையில் ஓடுகிற ஈ-டைப்தான் முழுமையான ஈ-டைப் என்பது என் எண்ணம். ஓட வேண்டுமென்றால் அதன் சூட்டை நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

சூடு எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வருகிறது என்று முதலில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. வண்டி மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகிறது, 100 கிலோமீட்டருக்கு 12 லிட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் எரிபொருளிலிருந்து வெளிப்படும் ஆற்றல் சுமார் 107 கிலோவாட். இதில் நான்கில் ஒரு பங்கோ, சற்று அதிகமோதான் சக்கரங்களைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. பெரும்பங்கு புகைக்குழாய் வழியே சூடான வாயுவாகப் போய்விடுகிறது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அதாவது 35 கிலோவாட், என்ஜினின் உலோகத்துக்குள் இறங்குகிறது. அதை யாராவது வெளியே எடுத்துப்போயாக வேண்டும்.

எடுத்துப்போகாவிட்டால் என்ன ஆகும்? சிலிண்டருக்குள் எரியும் வாயு உச்சத்தில் 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். உருகுவதற்கு வெகு முன்பே, 200 டிகிரியை ஒட்டியே, அதன் உறுதி குறையத் தொடங்கிவிடும். ஈ-டைப்பின் எக்ஸ்.கே. என்ஜினில் பிளாக் வார்ப்பிரும்பு, சிலிண்டர் ஹெட் அலுமினியம். சூடேறும்போது அலுமினியம் இரும்பைப்போல் இரண்டு மடங்கு விரியும். ஆறு சிலிண்டர்கள் வரிசையாக நிற்கும் அந்த நீண்ட ஹெட், 20 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குப் போகும்போது, கீழே உள்ள பிளாக்கைவிட ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கூடுதலாக நீளப் பார்க்கிறது. வடிவமைத்தவர்கள் இந்த அளவைக் கணக்கில் எடுத்துத்தான் கேஸ்கெட்டையும் போல்ட்டுகளையும் அமைத்தார்கள். 130, 140 என்று ஏறினால் கணக்கு தப்பிவிடும். ஹெட் வளையும், கேஸ்கெட் விட்டுக்கொடுக்கும், எரிந்த வாயு தண்ணீருக்குள் புகும். ஒருமுறை கொதித்த என்ஜின் அடுத்தமுறை இன்னும் எளிதில் கொதிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

வெப்பம் வெளியேறும் பாதையில் பல கைமாற்றங்கள் இருக்கின்றன. எரியும் வாயு உலோகச் சுவருக்குக் கொடுக்கிறது, சுவர் தண்ணீருக்கு, தண்ணீர் ரேடியேட்டரின் குழாய்களுக்கு, குழாய்கள் தகடுகளுக்கு, தகடுகள் காற்றுக்கு. எங்கே கைமாற்றம் தடைப்பட்டாலும் அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் சூடாகும். ஆனால் ஓட்டுநருக்குத் தெரிவது ஒரே ஒரு முள்தான். எந்த இடத்தில் தடை என்பதை அந்த முள் சொல்லாது. அதனால்தான் பலர் நேராகப் போய்ப் பெரிய ரேடியேட்டர் வாங்கிப் பொருத்துகிறார்கள். அந்தப் பழக்கத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. முதலில் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: வண்டி நிற்கும்போது சூடேறுகிறதா, வேகமாகப் போகும்போது சூடேறுகிறதா? நிற்கும்போது ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் குறை காற்றின் பக்கம். நெடுஞ்சாலையில் வேகம் கூடக் கூட ஏறினால் குறை பெரும்பாலும் தண்ணீரின் பக்கம், அல்லது எரியும் முறையில். இந்த ஒரு பிரிவினை வேலையில் பாதியைக் குறைத்துவிடும்.

காற்றை எடுத்துக்கொள்வோம். 35 கிலோவாட் வெப்பத்தை வாங்கிக்கொண்டு காற்று 30 டிகிரி சூடாவதாக வைத்தால், நொடிக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட காற்று ரேடியேட்டர் வழியே போக வேண்டும். கன அளவில் அது ஏறக்குறைய ஒரு கன மீட்டர், ஒவ்வொரு நொடியும். ஈ-டைப்பின் மூக்கில் இருக்கும் அந்த ஒடுங்கிய நீள்வட்ட வாய் வழியே இவ்வளவும் நுழைய வேண்டும். அந்த வாயைச் சிறிதாக வைத்தவர் மால்கம் சேயர். பிரிஸ்டல் விமான நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு ஜாகுவாருக்கு வந்தவர். 1955, 1956, 1957 மூன்று ஆண்டுகளும் லெ மான் பந்தயத்தை வென்ற டி-டைப்பின் உடலை வரைந்தவர். வாய் சிறிதாக இருந்தால் குளிர்விக்க முடியாது என்று நினைத்துவிடக் கூடாது. சிறிய வாயில் வேகமாக நுழையும் காற்று, உள்ளே போகப் போக விரியும் பாதையில் வேகம் தணிந்து அழுத்தம் கூடும். ரேடியேட்டரின் நெருக்கமான தகடுகளுக்கு இடையே காற்றைத் தள்ள அந்த அழுத்தம்தான் தேவை. வெளியேறும் வழி பானெட்டின் மேலே வெட்டப்பட்ட திறப்புகளிலும் என்ஜினின் அடிப்பக்கத்திலும் இருக்கிறது. முன்னால் அழுத்தம் அதிகம், வெளியேறும் இடத்தில் குறைவு. வித்தியாசம் காற்றை இழுத்துச் செல்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டரில் இந்த ஏற்பாடு அருமையாக வேலை செய்யும்.

ஆனால் காற்று எப்போதும் எளிய வழியைத்தான் தேடும். ரேடியேட்டரின் தகடுகளுக்குள் புகுவதைவிட அதன் ஓரத்தில் இருக்கும் விரலளவு இடைவெளியில் நழுவுவது அதற்குச் சுலபம். ஈ-டைப்பின் பானெட், மட்கார்டுகளோடு சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறப்பது. அப்படித் திறக்கும் உடலுக்கும் சட்டத்தோடு நிற்கும் ரேடியேட்டருக்கும் இடையே ரப்பர் பட்டைகள்தான் காற்றை அடைக்கின்றன. அறுபது ஆண்டுகளில் அந்த ரப்பர் காய்ந்து உதிர்ந்திருக்கும். மறுசீரமைப்பில் சிலர் அதைத் திரும்பப் போடவே மாட்டார்கள், கண்ணுக்குத் தெரியாத இடம் என்பதால். இங்கே சில நூறு ரூபாய்க்கு நுரைப்பட்டை வாங்கி ஓரங்களை அடைப்பது, பல ஆயிரம் கொடுத்து வாங்கும் ரேடியேட்டரைவிட அதிகப் பயன் தரக்கூடும். ரேடியேட்டரை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பதும் அவசியம். பூச்சிகள், தூசி, பழைய பெயின்ட், வளைந்த தகடுகள் எல்லாம் சேர்ந்து காற்றின் வழியை அடைத்திருக்கும். இன்னொன்று: முன்பக்கத்தில் கூடுதல் விளக்கு, ஆயில் கூலர், ஏசியின் கண்டென்சர் என்று எதைப் பொருத்தினாலும் அது ரேடியேட்டரின் பங்கிலிருந்து காற்றை எடுத்துக்கொள்கிறது. கண்டென்சரோ தன் வெப்பத்தையும் சேர்த்து அனுப்புகிறது.

வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு இருக்கும் பங்கை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம். தண்ணீர் 85 டிகிரியில் இருக்கிறது, வெளியே 15 டிகிரி என்றால் இடைவெளி 70. வெளியே 40 என்றால் இடைவெளி 45 மட்டுமே. வெப்பம் கடத்தப்படும் அளவு இந்த இடைவெளியைப் பொறுத்தது. ஆக, கவன்ட்ரியின் வசந்த காலத்தில் 100 பங்கு வெப்பத்தை வெளியேற்றிய அதே ரேடியேட்டர், பாலைவன ஊரில் 64 பங்கைத்தான் வெளியேற்றும். வடிவமைப்பில் தவறு இல்லை. வண்டி போன ஊர் வேறு.

வண்டி நின்றால் வாயில் நுழையும் காற்று நின்றுவிடும். அப்போது எல்லாப் பொறுப்பும் விசிறியின் மேல். முதல் வரிசை ஈ-டைப்பில் ரேடியேட்டருக்குப் பின்னால் இரண்டே இறக்கைகள் கொண்ட ஒற்றை மின்விசிறி இருந்தது. பல கார்கள் பெல்ட்டில் சுழலும் விசிறியையே நம்பியிருந்த காலத்தில் இது புதுமைதான். தண்ணீர் குறிப்பிட்ட சூட்டை அடைந்ததும் மேல்தொட்டியில் இருக்கும் வெப்ப ஸ்விட்ச் அதை ஓட்டும். ஆனால் அதன் மோட்டார் வலுவில்லாதது. மேலும் 3.8 லிட்டர் வண்டிகளில் மின்சாரம் தந்தது டைனமோ. டைனமோவுக்கு ஒரு குணம் உண்டு: என்ஜின் மெதுவாகச் சுற்றும்போது அது அநேகமாக எதுவும் தராது. நெரிசலில் நின்றுகொண்டிருக்கும் அந்த வேளையில்தான் விசிறிக்கு மின்சாரம் மிக அதிகமாகத் தேவை. அந்த வேளையில்தான் டைனமோ கைவிடுகிறது. பேட்டரியின் மின்னழுத்தம் தணியும், விசிறி இன்னும் மெதுவாகும். விசிறி தள்ளும் காற்றின் அளவு அதன் வேகத்துக்கு நேர் விகிதத்தில் குறையும். 1964இல் வந்த 4.2 லிட்டர் வண்டியில் டைனமோவுக்குப் பதில் ஆல்டர்நேட்டர் வந்தது. குளிர்விப்பைப் பொறுத்தவரை அந்த ஆண்டின் பெரிய முன்னேற்றம் அதுதான் என்று சொல்வேன், என்ஜின் பெரிதானதைவிடவும்.

சும்மா நிற்கும்போது எவ்வளவு வேகமாகச் சூடேறும்? நின்ற இடத்தில் ஓடும் என்ஜின் மணிக்கு 2 லிட்டர் பெட்ரோல் எரிக்கிறது, அதில் 6 கிலோவாட் தண்ணீருக்குப் போகிறது என்று கொள்வோம். 4.2 லிட்டர் ஈ-டைப்பின் குளிர்விப்பு அமைப்பில் சுமார் 18 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் வேண்டும். வெப்பம் சிறிதும் வெளியேறாவிட்டால் தண்ணீர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 டிகிரி ஏறும். இரும்பும் அலுமினியமும் ஒரு பங்கை வாங்கிக்கொள்வதால் நடைமுறையில் ஏற்றம் இதைவிட மெதுவாக இருக்கும். இருந்தாலும் நீண்ட சிக்னல் ஒன்று போதும், ஓட்டுநர் வியர்க்கத் தொடங்க. நல்ல நவீன விசிறி ஒன்று, அதைச் சுற்றி ரேடியேட்டரின் முழுப் பரப்பையும் மூடும் உறை, தடித்த வயர், தனி ரிலே, போதிய ஆல்டர்நேட்டர்: நிற்கும்போது சூடேறும் ஈ-டைப்பில் இந்தக் கூட்டுத்தான் முதலில் செய்ய வேண்டிய மாற்றம். உறை இல்லாமல் விசிறி மட்டும் போட்டால், அது தான் தள்ளிய சூடான காற்றையே ஓரங்கள் வழியே திரும்ப இழுத்துக்கொள்ளும். ஜாகுவாரும் இதைப் புரிந்துகொண்டது. 1968இல் வந்த இரண்டாம் வரிசையில் வாய் பெரிதானது, மின்விசிறிகள் இரண்டாயின. மூக்கின் அழகு குறைந்துவிட்டதாக வருந்துகிறவர்களோடு நானும் சேர்ந்து வருந்துவேன். ஆனால் அந்த மாற்றத்தை வெப்பம் கேட்டது.

இனி தண்ணீரின் பக்கம். வேகமாகப் போகும்போது காற்றுக்குப் பஞ்சமில்லை. அப்போதும் முள் ஏறினால் தண்ணீர் தன் சுமையை ஏற்கவில்லை, அல்லது இறக்கவில்லை. பழைய என்ஜின்களில் முதல் எதிரி படிவு. கிணற்றுத் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் ஊற்றப்பட்ட என்ஜினில் சுண்ணாம்பு உப்பு சுவரில் ஒட்டும். வார்ப்பிரும்பின் வெப்பக் கடத்துதிறனோடு ஒப்பிட்டால் உப்புப் படிவின் கடத்துதிறன் இருபத்தைந்தில் ஒரு பங்குக்கும் கீழே. சுவரில் 1 மில்லிமீட்டர் படிவு இருந்தால், அந்தச் சுவரை 25 மில்லிமீட்டருக்கு மேல் தடிப்பாக்கியதற்குச் சமம். தண்ணீரின் வெப்பநிலை ஒழுங்காகவே காட்டும். அதன் பின்னால் உலோகம் வெந்துகொண்டிருக்கும்.

அதைவிட மோசமானது பிளாக்கின் பின்பக்கம். எக்ஸ்.கே. என்ஜினில் தண்ணீர் முன்னாலிருந்து நுழைகிறது. பின்னால் இருக்கும் சிலிண்டர்களைச் சுற்றி ஓட்டம் மெதுவாக இருப்பதால் துருவும் வண்டலும் வார்ப்பின்போது தங்கிய மணலும் அங்கே போய் உட்கார்ந்துவிடும். பல ஆண்டுகள் நின்று கிடந்த வண்டியில் அந்தச் சேறு இறுகிக் களிமண்ணைப்போல் அடைத்திருக்கும். ரேடியேட்டரை மட்டும் கழற்றிக் கழுவுவதால் அது வராது. பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் மூடித் தகடுகளைக் கழற்றி, கம்பியால் கிளறி, தண்ணீரைப் பீய்ச்சி, தெளிந்த நீர் வரும்வரை திரும்பத் திரும்ப அலச வேண்டும். 4.2 லிட்டர் என்ஜினில் இந்த வேலைக்குக் கூடுதல் முக்கியத்துவம் உண்டு. 87 மில்லிமீட்டராக இருந்த சிலிண்டர் விட்டம் அதில் 92 ஆனது. சிலிண்டர்கள் நெருங்கி நின்றதால் இடையே தண்ணீருக்கு இடம் சுருங்கியது. அந்த ஒடுங்கிய பகுதிகளில் பிளாக் விரிசல் விடுவது பழுது பார்ப்பவர்கள் நன்கு அறிந்த நோய்.

வெறும் தண்ணீரா, கூலன்ட்டா என்ற கேள்வி அடிக்கடி எழும். வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீருக்கு நிகர் இல்லை. எத்திலீன் கிளைக்கால் பாதிக்குப் பாதி கலந்தால் வெப்பக் கொள்ளளவு ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஆனாலும் வெறும் தண்ணீரை ஊற்றாதீர்கள். இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், செம்பும் பித்தளையும் சேர்ந்த ரேடியேட்டர் என மூன்று உலோகங்கள் ஒரே நீரில் நனைந்திருக்கும்போது மின்வேதி அரிப்பு நடக்கும். அதில் பலியாவது பெரும்பாலும் அலுமினியம்தான். கூலன்ட்டில் சேர்க்கப்பட்டிருக்கும் அரிப்புத் தடுப்பான்கள் அதைக் காக்கின்றன. அவை நாளடைவில் தீர்ந்துபோகும் என்பதால் குறித்த காலத்தில் மாற்ற வேண்டும். உறைபனி விழாத நாட்டில் கிளைக்கால் மூன்றில் ஒரு பங்கு போதும். மீதி வாலை வடிநீர். தண்ணீரே சேராத கூலன்ட்டுகளும் கடையில் கிடைக்கின்றன. அவை எளிதில் கொதிக்காது என்பது உண்மை. ஆனால் அவற்றின் வெப்பக் கொள்ளளவு குறைவு. கொதிக்காமலே ஹெட் முன்பைவிடச் சூடாக ஓடும். கொதிப்பு என்ற எச்சரிக்கையும் இல்லாமல் போகும். சூடேறும் என்ஜினுக்கு அதை மருந்தாகப் பரிந்துரைப்பதை நான் ஏற்கவில்லை.

தெர்மோஸ்டாட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் தவறான வைத்தியம் அதிகம் நடக்கிறது. பித்தளைக் குப்பிக்குள் மெழுகு அடைக்கப்பட்டிருக்கும். குறித்த சூட்டில் மெழுகு உருகி விரியும், ஒரு கம்பியைத் தள்ளும், ரேடியேட்டருக்குப் போகும் வழி திறக்கும். அதுவரை தண்ணீர் ஒரு பக்கவழியாக என்ஜினுக்குள்ளேயே சுற்றிச் சீக்கிரம் சூடேறும். வண்டி கொதிக்கிறது என்றதும் பலர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள், தடையில்லாமல் தண்ணீர் ஓடட்டும் என்று. முற்கால எக்ஸ்.கே. என்ஜினில் இது நேர் எதிரான விளைவைத் தரும். அந்த தெர்மோஸ்டாட்டில் ஒரு வளையப் பட்டை சேர்ந்திருக்கும். வால்வு திறக்கும்போது அந்தப் பட்டை நகர்ந்து பக்கவழியை மூடிவிடும். தெர்மோஸ்டாட்டையே கழற்றிவிட்டால் பக்கவழி எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே என்ஜினுக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். கடையில் கிடைக்கும், பட்டை இல்லாத பொதுவான தெர்மோஸ்டாட்டைப் போட்டாலும் இதே கதி. புதிய ரேடியேட்டர், புதிய பம்ப், புதிய விசிறி எல்லாம் போட்டும் சூடு குறையாத வண்டிகளில் இந்தப் பட்டை இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. வாங்கிய தெர்மோஸ்டாட்டைப் பொருத்துவதற்கு முன் அடுப்பில் ஒரு பாத்திரம் தண்ணீரும் ஒரு வெப்பமானியும் வைத்து, எந்தச் சூட்டில் திறக்கிறது, முழுதாகத் திறக்கிறதா என்று சோதித்துவிடலாம்.

தண்ணீர் வேகமாக ஓடினால் ரேடியேட்டரில் சூட்டை இறக்க நேரம் இல்லாமல் போகும் என்றொரு நம்பிக்கையும் உண்டு. இயற்பியல் அதை ஏற்காது. சுற்றில் ஓடும் நீர் ரேடியேட்டரில் ஒரு முறைக்குக் குறைந்த நேரம் தங்கினால், அதே விகிதத்தில் அடிக்கடி அங்கே திரும்பி வருகிறது. வேகமான ஓட்டத்தில் குழாய்ச் சுவரை ஒட்டி நகராமல் நிற்கும் நீர்ப்படலம் மெலிந்து, வெப்பம் இன்னும் எளிதாகக் கைமாறும்.

ரேடியேட்டர் மூடியின் வேலை பிரஷர் குக்கரின் வேலைதான்: அழுத்தத்தைக் கூட்டிக் கொதிநிலையை உயர்த்துவது. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்ட் அழுத்தம் தாங்கும் மூடியோடு, கடல் மட்டத்தில், வெறும் தண்ணீரே 111 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் தேய்ந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். அழுத்தத்துக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. புகை வால்வைச் சுற்றிய சுவர் மற்ற இடங்களைவிட அதிகச் சூடாக இருப்பதால் அங்கே நுண்ணிய நீராவிக் குமிழிகள் தோன்றிக்கொண்டே இருக்கும். அவை தோன்றி உடனே அழியும்வரை நல்லது. வெப்பத்தை வேகமாக எடுத்துப் போகும். அழுத்தம் குறைந்தால் குமிழிகள் ஒன்றுசேர்ந்து படலமாகும். நீராவிப் படலம் வெப்பத்தை அநேகமாகக் கடத்தாது. அந்த இடத்தில் உலோகம் திடீரென்று எகிறும். இதற்காக அதிக அழுத்த மூடியை வாங்கி மாட்டிவிடவும் கூடாது, பழைய ரேடியேட்டரின் ஈயப் பற்றும் ஹீட்டரின் குழாயும் அதைத் தாங்க வேண்டுமே.

18 லிட்டர் தண்ணீர் 20 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குப் போகும்போது 600 மில்லிலிட்டர் பெருகும். முதல் வரிசை வண்டியில் கழுத்துவரை நிரப்பினால் பெருகிய நீர் வழிந்து சாலையில் கொட்டிவிடும். புது உரிமையாளர் அதைப் பார்த்துக் கொதித்துவிட்டது என்று பயந்து, மறுபடி நிரப்புவார். மறுநாள் மறுபடி கொட்டும். ஒரு சிறிய சேமிப்புப் புட்டியைக் குழாயோடு இணைத்தால் இந்தப் பயம் தீரும்.

தண்ணீரும் காற்றும் சரி, சூடு மட்டும் குறையவில்லையா? ஸ்பார்க் டைமிங்கைப் பாருங்கள். பொறி தாமதமாக விழுந்தால் பெட்ரோல் எரிந்து முடிவதற்குள் புகை வால்வு திறந்துவிடும். பிஸ்டனைத் தள்ளியிருக்க வேண்டிய ஆற்றல் எரியும் வாயுவாகப் புகை வழியில் புகும். அந்த வழி ஹெட்டுக்குள் தண்ணீரால் சூழப்பட்டிருப்பதால் வெப்பம் தண்ணீருக்குத்தான் வந்து சேரும். டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கும் வெற்றிடக் குப்பியின் சவ்வு கிழிந்துபோவது பழைய வண்டிகளில் சாதாரணம். கிழிந்தால் மிதமான வேகத்தில் போகும்போது பொறி முந்த வேண்டிய அளவு முந்தாது. வண்டி ஓடும், ஆனால் மந்தமாகவும் சூடாகவும் ஓடும். பெட்ரோல் கலவை மெலிந்தாலும், அதாவது மூன்று எஸ்.யு. கார்புரேட்டர்களில் ஒன்றின் கேஸ்கெட் காற்றை உறிஞ்சினாலும், எரிதல் மெதுவாகி இதே விளைவு வரும். ரேடியேட்டர் கடைக்குப் போவதற்கு முன் டைமிங் லைட்டை எடுப்பது என்ற ஒழுங்கு பல ஆயிரம் ரூபாயைக் காப்பாற்றும்.

அதற்கும் முன்னால் ஒரு சோதனை இருக்கிறது: முள் சொல்வது உண்மையா? இந்த வண்டிகளில் வெப்பமானியும் பெட்ரோல் அளவுமானியும் ஒரே மின்னழுத்த நிலைப்படுத்தியிலிருந்து சுமார் 10 வோல்ட் பெறுகின்றன. உள்ளே ஓர் ஈருலோகத் தகடு சூடாகி வளைந்து, தொடுவதும் விலகுவதுமாக அந்தச் சராசரியைத் தருகிறது. அதன் எர்த் இணைப்பு துருப்பிடித்தால் முழு மின்னழுத்தமும் மானிகளுக்குப் போகும், இரண்டுமே கூடுதலாகக் காட்டும். சூடு ஏறும்போது பெட்ரோல் முள்ளும் சேர்ந்து ஏறியிருந்தால் என்ஜினைத் தொடாதீர்கள், அந்த எர்த்தைச் சுத்தம் செய்யுங்கள். கையடக்க அகச்சிவப்பு வெப்பமானி இப்போது மலிவாகக் கிடைக்கிறது. தெர்மோஸ்டாட் உறையின் மேல், ரேடியேட்டரின் இருபக்கம், ஒவ்வொரு சிலிண்டருக்கும் அருகில் என்று அளந்து எழுதிக்கொண்டால், எந்தக் கைமாற்றம் தடைப்பட்டது என்பது கண்முன் வந்துவிடும். ரேடியேட்டரின் பரப்பில் ஒரு பகுதி மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே குழாய்கள் அடைத்துவிட்டன. நுழையும் நீருக்கும் வெளியேறும் நீருக்கும் வித்தியாசம் அதிகமாக இருந்தும் என்ஜின் சூடாக ஓடினால் ஓட்டம் குறைவு, பம்பைப் பாருங்கள். வித்தியாசம் மிகக் குறைவாக இருந்தால் ரேடியேட்டர் சூட்டை இறக்கவில்லை, காற்றையும் தகடுகளையும் பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் புதிய ரேடியேட்டர் தேவைப்படலாம். செம்பு அலுமினியத்தைவிட நன்றாக வெப்பம் கடத்தும் என்பது சரிதான். ஆனால் அலுமினியத்தில் அகலமான குழாய்களைக் கட்ட முடியும், ஈயப் பற்றும் வேண்டாம்; அதனால் நல்ல அலுமினிய ரேடியேட்டர் பழைய செம்பு ரேடியேட்டரை மிஞ்சிவிடுகிறது. தடிப்பை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். மூன்றாவது, நான்காவது வரிசைக் குழாய்களுக்கு முன்வரிசையில் ஏற்கெனவே சூடான காற்றுதான் கிடைக்கும். காற்றுக்குத் தடையும் கூடும்.

ஒருவேளை சாலையிலேயே கொதித்துவிட்டால், ஏசி இருந்தால் அதை அணைத்து, ஹீட்டரையும் அதன் விசிறியையும் முழுதாகத் திறக்க வேண்டும். ஹீட்டர் என்பது உள்ளே இருக்கும் இன்னொரு சிறிய ரேடியேட்டர். அது எடுக்கும் கொஞ்ச வெப்பமும் அந்த நேரத்தில் பெரிது. முள் அப்படியும் ஏறினால் ஓரம் கட்டி என்ஜினை அணைத்துவிடுங்கள். அணைத்த பிறகு முள் இன்னும் சற்று ஏறும். பம்ப் நின்றுவிட்டது, ஹெட்டில் தேங்கிய வெப்பம் அசையாத தண்ணீருக்குள் இறங்குகிறது, அவ்வளவுதான். மூடியைத் திறக்க வேண்டாம். 110 டிகிரியில் அழுத்தத்தோடு இருக்கும் நீர், அழுத்தம் விலகிய கணத்தில் ஆவியாகச் சீறி முகத்தில் அடிக்கும். மேல்குழாயை விரலால் அழுத்தினால் மெத்தென்று உள்வாங்கும்வரை பொறுத்து, தடித்த துணியைப் போர்த்தி, முதல் பிடிப்புவரை மட்டும் திருப்பி, மீதி அழுத்தத்தை விட வேண்டும். பச்சைத் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் சூடான இரும்பு விரிசல் விடும். என்ஜின் நன்றாக ஆறியபின் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, காற்றுக் குமிழிகள் வெளியேற நேரம் கொடுங்கள். வீட்டுக்கு வந்ததும், ஓட்டுவதற்கு முன், தண்ணீரில் எரிந்த வாயு கலந்திருக்கிறதா என்று பாருங்கள். மேல்தொட்டியின் வாயில் வைக்கும் சோதனைக் குழாயில் இருக்கும் நீலத் திரவம் கரியமில வாயு பட்டால் மஞ்சளாகும். மஞ்சளானால் கேஸ்கெட் போய்விட்டது. ஹெட்டைக் கழற்றி அதன் சமதளத்தை அளந்து பார்த்த பிறகுதான் மற்றது எல்லாம்.